பெட்டிக்குள் இடமில்லாத கலர்

ருக்மிணி மாமி வீட்டு டெலிவிஷனில் பவுனுக்குக் கிடைத்தது இடது பாதி மட்டும். வலது பாதியை இரும்பு பீரோ எடுத்துக்கொண்டுவிடும்.

கிட்வாய் நகரில் அந்தத் தரைத்தள வீட்டு ஹால் அவ்வளவு சின்னது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுகிற நேரத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து ஜமக்காளத்தில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். பாத்திரம் தேய்க்க வரும் தாயம்மாளின் மகள் பவுனு உட்காருவது பின்வாசலை ஒட்டி, செருப்புகள் கிடக்கும் மூலையில். அங்கே உட்கார் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வேறு எங்காவது உட்கார் என்றும் சொன்னதில்லை.

அந்த மூலையிலிருந்து பார்த்தால் படத்தில் இடப்பக்கம் நிற்பவர்கள்தான் தெரிவார்கள். கதாநாயகி அழுதால், அழவைத்தது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காதல் பாட்டில் எங்கிருந்தோ ஒரு கை வந்து இடுப்பை வளைக்கும்; கைக்குச் சொந்தக்காரன் பீரோவுக்குள் இருப்பான். ஒரு படத்தில் மாப்பிள்ளையே இல்லாமல் கல்யாணம் முடிந்து, பெண்ணும் சந்தோஷமாக வெட்கப்பட்டாள். பவுனு வீட்டுக்குப் போய் மீதிப் பாதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்வாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பழக்கத்தைத்தான் குறை சொல்ல வேண்டும்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டில் டெல்லி முழுக்க ஒரே பேச்சு. சுதந்திர தினத்தன்று செங்கோட்டையிலிருந்து கலரில் காட்டப்போகிறார்கள். ருக்மிணி மாமி வீட்டிலிருந்தது கருப்பு வெள்ளைப் பெட்டி. அதில் கலர் வருமா வராதா என்று ஹாலில் பெரிய விவாதம் நடந்தது. மாமியின் வீட்டுக்காரர் சேஷன், மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர். சர்க்கார் அனுப்புவது எல்லோருக்கும் பொதுவாகத்தான் அனுப்பும், முழுசாக வராவிட்டாலும் லேசாகவாவது வந்துதான் ஆக வேண்டும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். சர்க்கார் ஆளே சொன்ன பிறகு மறுப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

பவுனுக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. ஒரே ஒரு தடவை, முன்னால் உட்கார்ந்து, பீரோ குறுக்கே இல்லாமல், இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். அதுவும் கலரில்.

அந்த ஆசையில் மண்ணைப் போட்டவள் மாடி வீட்டு சாந்தகுமாரி. இருவருக்கும் ஒரே வயது. சாந்தகுமாரி பள்ளிக்கூடம் போகிறாள், பவுனு நின்றுவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். புதன்கிழமை பின்கட்டுக் குழாயடியில் பவுனு குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் மாடிப்படியில் நின்று ரிப்பனை முறுக்கிக்கொண்டே அறிவித்தாள்.

"சண்டே என் கஸின்ஸும் வராங்க. முன் லைன் பூரா நாங்கதான். நீ ஜன்னலாண்ட நின்னுக்கோ, அச்சா?"

பவுனு வாயாடி இல்லை. யாராவது பேர் கேட்டால்கூடத் தன் காலைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். அன்றைக்கு அவள் குக்கரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முன்னால உக்காரக் கூடாதாமே."

"ஏன்?"

"கலர் வருமில்ல. கருப்பு வெள்ளைப் பெட்டிக்குள்ள அதுக்கு ஏது இடம்? கண்ணாடி வழியா வெளிய வந்துருமாம். முன்னால இருக்கறவங்க கண்ணுல ஏறிக்குமாம்."

சாந்தகுமாரியின் கை ரிப்பனில் நின்றுவிட்டது. "ஸச்சி? நிஜமாவா? யார் சொன்னா?"

இதைப் பவுனு யோசித்து வைத்திருக்கவில்லை. அம்மா வேலை செய்யும் இன்னொரு வீடு ஞாபகத்துக்கு வந்தது. "எஞ்ஜினியர் சார் வீட்டுல பேசிக்கிட்டாங்க" என்றாள்.

அந்த எஞ்ஜினியர் பாலம் கட்டுகிறவர். அவருக்கும் டெலிவிஷனுக்கும் சம்பந்தம், பார்ப்பார் என்பதோடு சரி. ஆனால் எஞ்ஜினியர் என்றால் எஞ்ஜினியர்தான். சாந்தகுமாரி இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். பவுனு குக்கரை முகம் தெரியும்படி தேய்த்துக் கவிழ்த்தாள். முன்வரிசையில் ஓர் இடம் காலியாகிவிட்டது. அவள் கேட்டதும் அந்த ஓர் இடத்தைத்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கெங்கே போனது என்பதைப் பவுனு பிற்பாடு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டாள். சாந்தகுமாரி அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா மறுநாள் காலை சார்ட்டர்டு பஸ்ஸில், தான் நம்பவில்லை என்ற முன்னுரையோடு, பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். பஸ் ஆபீஸ்கள் இருக்கும் ஐ.டி.ஓ. போய்ச் சேருவதற்குள் முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பி, ஆமாம், நானும் கேள்விப்பட்டேன் என்றார். அவர் கேள்விப்பட்டது பின் சீட்டிலிருந்து, அதே பஸ்ஸில், சற்று முன்புதான். ஆபீஸில் டீ வரும் நேரத்தில் அதோடு ஒரு ஜப்பான்காரன் சேர்ந்துகொண்டான். சாப்பாட்டு நேரத்தில் அந்த ஜப்பான்காரனுக்குப் பார்வை போய்விட்டது. சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், காப்பிப்பொடி அரைத்துத் தரும் கடை வாசலில், பை வைத்துக்கொண்டு நின்றவர்களெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நம்பாதவர்போல ஆரம்பித்தாலும், எதிரில் நாலு பேர் முகம் மாறாமல் நிற்பதைப் பார்த்ததும், பேச்சை நடுவிலேயே திருப்பி, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் என்று முடித்தார்.

வெள்ளிக்கிழமை பவுனு வேலைக்குப் போனபோது ருக்மிணி மாமி டெலிவிஷனின் மரக்கதவைச் சாத்தி, பூப்போட்ட உறையை மாட்டி, அதற்குமேல் ஒரு பழைய போர்வையையும் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை இதைத் தொடப்போறதில்லை. அன்னிக்கு முழுக்கப் பெட்டி மூடித்தான் இருக்கும்" என்றாள் மாமி.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அவளுடைய சிநேகிதி அனந்தலக்ஷ்மி மெனக்கெட்டு வந்து எச்சரித்துவிட்டுப் போனாளாம். ஜப்பானில் ஒரு குழந்தைக்குக் கண் பச்சையாகவே நின்றுவிட்டதாம். இப்போது அது பார்க்கிற பாலெல்லாம் பச்சையாம்.

ஓர் இடத்துக்கு ஆசைப்பட்டு பவுனு மொத்தப் பெட்டியையே மூடவைத்துவிட்டாள். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த தைரியத்தையெல்லாம் கூட்டிச் சொன்னாள்.

"மாமி, அது நான் சும்மா சொன்னது. சாந்தா முன்னால உக்காரக் கூடாதுன்னு நானே இட்டுக்கட்டினது."

மாமி உறையை இழுத்துவிடுவதை நிறுத்தினாள். பவுனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்காமல் சேஷனையும் கூப்பிட்டாள்.

"கேட்டேளா? டெல்லி பூரா பேசறதே, அது இவ சொன்னதாம். அப்போ ஜப்பான்காரனுக்கும் இவதான் போய்ச் சொன்னாளோ?"

சேஷனும் சிரித்தார். பயப்படாதே குழந்தை, உன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை என்றார். ஒருத்தர் சொன்னால் சந்தேகப்படலாம், இத்தனை பேர் சொல்கிறார்கள், அதில் ஒரு ஆபீசர்கூடவா யோசித்திருக்க மாட்டார் என்று விளக்கினார். பவுனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது அவர்கள் ஜுக்கி, ஒற்றை அறைக் குடிசை. தாயம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டே எஞ்ஜினியர் வீட்டுச் செய்தியைச் சொன்னாள். நீங்கள்தான் கலரைப் பற்றிச் சொன்னீர்களாமே என்று நாலு பேர் வந்து விசாரித்ததில், எஞ்ஜினியர் வீட்டம்மா கணவரையே கேட்டுவிட்டாளாம். அவர் பேப்பரை இறக்கி, தான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை என்றாராம். ஆபீஸிலும் எல்லோரும் சொல்கிறார்களே என்று அவள் கேட்டதும் கொஞ்சம் யோசித்தாராம். யோசித்துவிட்டு, "அவ்வளவு பேர் சொல்றாங்கன்னா நான் சொல்லியிருப்பேன்" என்றாராம்.

"எஞ்ஜினியரே சொல்லிட்டாரு. நீ ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் போவாத" என்றாள் தாயம்மாள்.

பவுனு கவிழ்த்து வைத்த சட்டிபோல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தான் சொன்னது பொய். அது தனக்குத் தெரியும். ஆனால் எஞ்ஜினியர் ஒப்புக்கொண்டுவிட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னது தற்செயலாக நிஜமாகவே இருந்துவிட்டால்? இத்தனை படித்தவர்களுக்குத் தெரியாததா? பெட்டிக்குள் கலருக்கு இடம் இல்லைதானே? யோசிக்க யோசிக்க, அது தனக்குத் தோன்றிய யோசனை மாதிரியே இல்லை. எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது.

ஆனாலும் பார்க்கும் ஆசை போகவில்லை. உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, அது ஹாலைத் தாண்டவில்லை. பொய்யோ ஐ.டி.ஓ. வரை பஸ் ஏறிப் போயிற்று. அதைத் திருப்பிக் கூப்பிட்டுவர இன்னொரு பொய்யால்தான் முடியும் என்று அவளுக்குப் பட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து ஜுக்கி பூங்கோதையைப் பிடித்தாள். பூங்கோதை அனந்தலக்ஷ்மி மாமி வீட்டில் வேலை பார்ப்பவள். காதில் விழுந்ததை வாயில் வைத்துக்கொள்ள அவளுக்கு இடமே கிடையாது.

"யக்கா, தனியாப் பாத்தாத்தான் கண்ணுல ஏறுமாம். கூட்டமா உக்காந்தா கலர் பிரிஞ்சிருமாம். ஆளுக்கு ஒரு துளிதான் வருமாம், ஒண்ணும் ஆவாதாம். எஞ்ஜினியர் சார் வீட்டுல பேசிக்கிட்டாங்க."

"அதான பாத்தேன்" என்றாள் பூங்கோதை, ஏதோ நெடுநாளாகத் தெரிந்ததுபோல. வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கு சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டைப் பார்த்திருக்க வேண்டும். டெலிவிஷன் வைத்திருந்தவர்களெல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பத்துப் பேர்தான் சேர்ந்திருக்கிறோம், நீங்கள் வர முடியுமா என்று முருங்கைக்காய் பொறுக்கும் இடத்தில் முன்பின் தெரியாதவர்களைக் கேட்டார்கள். வருஷக்கணக்காகப் பேசாத ஓரகத்திகள் பேசிக்கொண்டார்கள். பெரிய குடும்பம் இருந்தவர்களுக்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. வேறு வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ஒரு பாட்டுக்கார மாமா பிகு பண்ணிக்கொண்டார். ருக்மிணி மாமி நேராகத் தாயம்மாள் ஜுக்கிக்கே வந்துவிட்டாள். நாலா ஓரம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, உன் ஜனங்களையெல்லாம் அழைச்சுண்டு வா, யாரையும் விட்டுடாதே, காப்பி தரேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஹாலுக்குள் காற்றுப் போக வழியில்லை. தாயம்மாள், பூங்கோதை, அவள் புருஷன், கட்டட வேலைக்குப் போகும் ஜோதிலிங்கமும் அவன் வீட்டாரும், துணி தேய்க்கும் பையா, பால்காரர், மாடி வீட்டார், மூன்றாம் பிளாக் ராஜகோபாலன் குடும்பம் மொத்தமும் வந்திருந்தது. அனந்தலக்ஷ்மி தன் வீட்டுப் பெட்டியை நம்பாமல் இங்கே வந்திருந்தாள். சாந்தகுமாரி அப்பாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசியில் நின்றாள். அது மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டேயிருந்தது. பீரோமேல்கூட இரண்டு பேர் ஏறியிருந்தார்கள்.

ஆனால் அத்தனை கூட்டமும் பின்சுவரோடு சுவராக அப்பிக்கொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் ஜமக்காளம் பளிச்சென்று காலியாகக் கிடந்தது. நீங்கள் உட்காருங்கள், பெரியவர் நீங்கள், ஐயோ நான் எதற்கு என்று உபசாரம் நடந்துகொண்டிருந்ததே தவிர யாரும் ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. முதலில் வருகிற கலரை வாங்கிக்கொள்ள முன்னால் ஒருவர் இருந்தால்தான் மிச்சம் பின்னால் பிரியும் என்று சேஷன் கணக்குச் சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யார் அந்த ஒருவர் என்பதுதான் பாக்கி.

மாமியின் கண் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, செருப்பு மூலையில் வந்து நின்றது.

"பவுனு, நீ உக்காரேண்டி. உனக்குத்தான் கிட்டக்கப் பாக்கணும்னு ஆசையாச்சே."

தாயம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"ஏம்மா, என் பொண்ணு கண்ணுன்னா பரவாயில்லீங்களா?"

மாமிக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அப்படி நினைத்துச் சொல்லவில்லை தாயம்மா, வேண்டாம், நானே உக்காரறேன் என்று முந்தானையைச் செருகினாள். செருகினாளே தவிர நகரவில்லை.

பவுனு அம்மாவின் கையைத் தோளிலிருந்து எடுத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் கால்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு போய், ஜமக்காளத்தின் நட்டநடுவில், பெட்டிக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். டெல்லி வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்ததிலேயே உயர்ந்த இடம் அதுதான்.

சேஷன் சன்னதிக் கதவைத் திறப்பதுபோல் பெட்டியின் மரக்கதவைத் திறந்தார். குமிழைத் திருகிவிட்டு ஒரே எட்டில் கூட்டத்துக்குள் போய்விட்டார். பெட்டி உறுமியது. கண்ணாடி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றிப் பெரிதாகத் தொடங்கியது.

பவுனு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. எத்தனை நாள் ஏங்கிய இடம், இங்கே வந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். இது என் பொய், என் பொய் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இமை திறப்பதாக இல்லை. எஞ்ஜினியர் ஒத்துக்கொண்ட பொய் ஆயிற்றே. பாண்டு வாத்தியம் முழங்கியது. பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"பச்சை தெரியறது" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"ஆமா, கொடியில கீழ" என்றார் ராஜகோபாலன்.

பிறகு மடை திறந்துவிட்டது. காவி என்றார்கள், நீலம் என்றார்கள், சிப்பாய்கள் தலைப்பாகையில் சிவப்பு என்றார்கள். லால், லால் என்று துணி தேய்க்கும் பையா ஆமோதித்தார். பவுனால் பொறுக்க முடியவில்லை. இடது கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்தாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கண்ணையும் திறந்தாள்.

முழுசாக இருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கோட்டைச் சுவர் உடைபடாமல் நீண்டு போயிற்று. இடப்பக்கம் சிப்பாய்கள், வலப்பக்கமும் சிப்பாய்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், வரிசைக்கு முடிவு இருந்தது. ஒரு குதிரை அந்தக் கோடியில் நுழைந்து இந்தக் கோடியில் வெளியே போயிற்று, வழியில் எங்கும் காணாமல் போகாமல்.

"உனக்குத்தாண்டி நன்னாத் தெரியும். என்ன கலர்லாம் இருக்கு, சொல்லு" என்று மாமி பின்னாலிருந்து கேட்டாள்.

பவுனு பார்த்ததைச் சொன்னாள். "கருப்பு வெள்ளையாத்தான் இருக்கு மாமி."

ஹால் முழுக்க ஐயோ என்றது. இத்தனை பேருக்குத் தெரிகிற கலர் அவளுக்குத் தெரியவில்லை. முதலில் கலர்தான் போகும், அப்புறம் பார்வை என்று யாரோ சொன்னார்கள். சாந்தகுமாரி அழ ஆரம்பித்தாள். தாயம்மாள் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்து மகளின் கையைப் பற்றி இழுத்தாள். "எந்திரிடி. போதும் பாத்தது. மூலைக்கு வா."

மூலை. பீரோ. பாதிப் பெட்டி.

"இரும்மா" என்றாள் பவுனு அவசரமாக. "இப்பத் தெரியுது. பச்சை. கீழ பச்சை."

தாயம்மாளின் பிடி தளர்ந்தது. "நெசமாவா?"

"நெசமாத்தான். மேல காவி. அந்தப் புள்ளைங்க பாவாடை மஞ்சள்." ஹால் மூச்சு விட்டது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டார்கள். பவுனு வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை. குதிரைக்குச் செம்பட்டை நிறம் கொடுத்தாள். பலூன்களை ஒவ்வொன்றாகச் சாயம் தோய்த்துப் பறக்கவிட்டாள். கோட்டைக்கு அரக்குச் சிவப்பு, வானத்துக்கு எஞ்ஜினியர் வீட்டு மேஜைவிரிப்பு நீலம். ஒரு சிப்பாயின் மீசைக்குக்கூட மருதாணி பூசினாள், அதையும் பின்னால் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பயம் போனதும் ஒவ்வொருவராகச் சுவரைவிட்டு நகர்ந்து வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமியின் முழங்கால் அவள் முதுகில் இடித்தது. இந்தா என்று ஒரு டம்ளர் காப்பி தோளுக்கு மேல் வந்தது.

மேடையோரம் ஒரு அம்மாள் பட்டுப்புடவையில் நடந்து போனாள். மயில்கழுத்து நிறம் என்றாள் பவுனு.

"மயில்கழுத்து இல்லைடி குழந்தே. நன்னாப் பாரு, ஊதா" என்றார் சேஷன்.

ஊதாதான் என்றாள் அனந்தலக்ஷ்மி. சந்தேகமில்லாமல் ஊதா என்றார்கள் மாடி வீட்டார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து சாந்தகுமாரியும் ஊதா என்றாள். பவுனு காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, தலையைச் சாய்த்து, அந்தச் சாம்பல் நிறப் புடவையை உற்றுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா மாமா" என்றாள். "ஊதாதான்."

முந்தானை ஓரத்தில் நிஜமாகவே கொஞ்சம் ஊதா இருந்ததுபோலத்தான் இருந்தது.